19 நாளில் சிமுலேட்டர் தேர்வு: ரா டேட்டாவில் உயரம் நிற்க மாட்டேன் என்கிறது

கீழ்வானம்:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஒரு விமான நிறுவனத்தின் எழுத்துத் தேர்வும் குழுத் தேர்வும் தாண்டிவிட்டேன். அடுத்தது சிமுலேட்டர் என்று போன வாரம் மின்னஞ்சல் வந்தது. இன்றிலிருந்து எண்ணினால் 19 நாள். சந்தோஷத்தை விட பயம்தான் அதிகம்.

என் நிலைமை இது. மொத்தம் 240 மணி நேரம். கடைசியாக ஓட்டியது இரட்டை எஞ்சின் பிஸ்டன், அதுவும் எட்டு மாதத்துக்கு முன்னால். ஜெட் காக்பிட்டில் உட்கார்ந்ததே இல்லை. தேர்வு 737-800 ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரில். இன்னொரு விண்ணப்பதாரரோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். ஆளுக்கு 45 நிமிடம் ஓட்ட வேண்டும், மீதி 45 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து மானிட்டரிங். தானாக ஓட்டும் ஆட்டோபைலட், வேகத்தைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோ த்ராட்டில், மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் ஃப்ளைட் டைரக்டர் எதுவும் கிடையாது. கருவிகளை மட்டும் பார்த்துக் கையால் ஓட்ட வேண்டும், இதைத்தான் ரா டேட்டா என்கிறார்கள். டேக்-ஆஃப், 5000 அடிக்கு ஏற்றம், இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்ந்து திரும்பும் ஸ்டீப் டர்ன், ஒரு ஹோல்டிங் (வானில் ஒரே இடத்தைச் சுற்றிக் காத்திருப்பது), ரேடார் வெக்டரில் (கன்ட்ரோலர் சொல்லும் திசைகளில்) ஐ.எல்.எஸ். (ரேடியோ கற்றையைப் பிடித்து ரன்வேக்கு இறங்கும் அப்ரோச்), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறுவது), மறுபடி ஐ.எல்.எஸ்., லேண்டிங். "நேரம் இருந்தால் எஞ்சின் கோளாறு" என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக் கணினியில் ஒரு 737 மாடல் போட்டு, யோக்கும் (விமானத்தின் ஸ்டியரிங்) த்ராட்டிலும் மாட்டி மூன்று நாளாக ஓட்டிப் பார்க்கிறேன். 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தில், 5000 அடியில் விமானம் நிற்க மாட்டேன் என்கிறது. 5150, 4820, 5200 என்று அலைகிறது. பிஸ்டனில் எனக்கு உயரம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. ஐ.எல்.எஸ்.சில் ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் லோகலைசரும் இதே கதைதான், இந்தப் பக்கம் தாண்டுகிறேன், திருப்பினால் அந்தப் பக்கம் தாண்டுகிறேன். நேற்று ராத்திரி பதினோரு அப்ரோச் செய்தேன். பதினொன்றாவது, முதலாவதை விட மோசம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பிட்ச் (மூக்கின் கோணம்), பவர் எண்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? பின்னால் உட்காரும் பரிசோதகர் எதைப் பார்க்கிறார்? இதைக் கடந்து வந்தவர்கள், தங்கச்சியாக நினைத்துச் சொல்லுங்கள்.

வால்காற்று:

ஒரே ராத்திரியில் பதினோரு அப்ரோச் வேண்டாம்மா. களைத்த கை தப்பான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்தி, என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நிறுவனம் அனுப்பிய பிரீஃபிங் தாளை முதலில் முழுதாகப் படியுங்கள். அதில் வேகம், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை), என்1 (எஞ்சின் விசிறி சுழலும் வேகம், சதவீதத்தில்) எல்லாம் கொடுத்திருந்தால் இணையத்தில் கிடைக்கும் எந்த எண்ணையும் விட அதுதான் உங்களுக்கு வேதம்.

இடதுசீட்டு:

தங்கச்சி, 14 வருடமாக இடது இருக்கையில், அதாவது கேப்டனாக, இருக்கிறேன். கடைசி ஆறு வருடம் அதோடு சேர்த்து, சிமுலேட்டரில் பின்னால் உட்கார்ந்து உங்களைப் போன்றவர்களைப் பார்க்கிற வேலையும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உயரம். உங்கள் கையில் குறை இல்லை, உங்களுக்கு ஒரு கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான். மூக்கு ஒரு டிகிரி ஏறினால் ஏறும் வேகம் எவ்வளவு மாறும்? நிமிடத்துக்கு எத்தனை மைல் போகிறீர்களோ அதை நூறால் பெருக்குங்கள். உங்கள் பிஸ்டன் 120 நாட், நிமிடத்துக்கு 2 மைல். ஒரு டிகிரிக்கு நிமிடத்துக்கு 200 அடி. 250 நாட்டில் 737 நிமிடத்துக்கு 4 மைலுக்கு மேல் ஓடுகிறது. அதே ஒரு டிகிரிக்கு 400 அடிக்கு மேல். அரை டிகிரி மூக்கு தூக்கியிருப்பதைக் கவனிக்காமல் முப்பது விநாடி ஹோல்டிங் யோசனையில் இருந்தீர்கள் என்றால், திரும்பிப் பார்க்கும்போது 100 அடி போயிருக்கும்.

அந்த அரை டிகிரி கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? பைலட்டுக்கு நேர் முன்னால் இருக்கும் முக்கியத் திரையான பி.எஃப்.டி.யில் பிட்ச் கோடுகள் 2.5 டிகிரிக்கு ஒன்றாக இருக்கின்றன. இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. இன்று ராத்திரி அப்ரோச் எதுவும் செய்யாதீர்கள். 250 நாட்டில் நேராகப் பறந்துகொண்டு, அந்த ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தூக்கி, வைத்து, பத்து விநாடி பாருங்கள். இறக்கி, வைத்து, பத்து விநாடி பாருங்கள். 100 அடி மேலே போய்விட்டால் அரை டிகிரி இறக்கிவிட்டுக் காத்திருங்கள், அரை நிமிடத்தில் தானாக வந்து சேரும். பிஸ்டனில் கை பழகிய திருத்தம் இங்கே இரண்டு மடங்காக வேலை செய்கிறது. உங்கள் 5150, 4820 எல்லாம் அதனால்தான்.

எண்களைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். தாழ்ந்த உயரத்தில், நடுத்தர எடையில் 737-800க்கு என் கையில் இருப்பவை: கிளீனாக (கியர், ஃப்ளாப் எதுவும் இறக்காமல்) 250 நாட்டுக்கு பிட்ச் 4 டிகிரி, என்1 60 சதவீதத்தைச் சுற்றி. 210 நாட்டுக்கு 6 டிகிரி, 55 சுற்றி. கியர் இறக்கி, ஃப்ளாப் 30இல் கிளைட்ஸ்லோப்பில் (ரன்வேக்கு இறங்கும் சரிவைக் காட்டும் கற்றை) இறங்கும்போது 2.5 டிகிரி, 55க்குக் கொஞ்சம் இப்படியும் அப்படியும். எடை மாறினால் இவையும் மாறும். பிரீஃபிங் தாள் வேறு சொன்னால் அதையே எடுங்கள். இந்த எண்ணை வைத்துவிட்டு, டிரிம் செய்துவிட்டு (யோக்கில் கை அழுத்தம் தேவைப்படாதபடி சமன் செய்துவிட்டு), பிறகு சின்னச் சின்னதாகத் திருத்துவது ஒரு பைலட்டின் வேலை. வேகமானியைத் துரத்திக்கொண்டு பவர் லீவரை முன்னும் பின்னும் தள்ளுவதைப் பின்னால் இருந்து பார்த்தால் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

ஜெட்டுக்குப் புதியவர்களை ஏமாற்றுகிற இன்னும் இரண்டு விஷயம் இருக்கின்றன. எஞ்சின் இறக்கைக்குக் கீழே தொங்குகிறது. லீவரைத் தள்ளினால் மூக்கு தானாக மேலே போகும், இழுத்தால் கீழே விழும். ஒவ்வொரு பவர் மாற்றத்துக்கும் பிட்ச் திருத்தமும் டிரிமும் சேர்ந்தே வர வேண்டும். கோ-அரவுண்டில் இது உச்சத்துக்குப் போகும், நீங்கள் 15 டிகிரியில் நிறுத்தவில்லை என்றால் அது 20ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது, ஐடிலில் இருந்து முழு பவர் வருவதற்குச் சில விநாடி ஆகும், 8 விநாடி வரைகூடப் போகலாம். பிஸ்டனைப் போலத் தள்ளிய உடனே கிடைக்காது. அதனால் அப்ரோச்சில் லீவரை ஐடிலுக்கு இழுத்துவிட்டுப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள்.

ஸ்டீப் டர்ன் எல்லோரும் பயப்படுகிற அளவுக்குக் கடினம் இல்லை. 45 டிகிரியில் எடை 1.41 மடங்கு ஆகிறது. 30 டிகிரியைத் தாண்டும்போது பிட்ச்சை 2 முதல் 3 டிகிரி கூட்டுங்கள், பவரைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெளியே வரும்போது இரண்டையும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். மறந்தால் 300 அடி ஏறிவிடுவீர்கள். பலருக்கு உயரம் விலகிப் போவது வெளியே வருகிற அந்த இடத்தில்தான்.

ஹோல்டிங்கை மேசையில் முடித்துவிட்டுப் போங்கள். 14,000 அடி வரை அதிகபட்சம் 230 நாட், வெளிச்செல்லும் நேர்ப்பகுதி ஒரு நிமிடம். பேங்க் (பக்கச் சாய்வு) 25 டிகிரி அல்லது விநாடிக்கு 3 டிகிரி திரும்பும் பேங்க், இரண்டில் எது குறைவோ அது. தினம் பத்து தாள் எடுத்து, நுழையும் திசையை மாற்றி மாற்றி வரைந்து, மூன்று நுழைவு வகையில் டைரக்டா, பேரலலா, டியர்டிராப்பா என்று ஐந்து விநாடிக்குள் சொல்லிப் பழகுங்கள். காக்பிட்டில் அதைக் கணக்குப் போட ஆரம்பித்தால் உயரத்தை யார் பார்ப்பது?

ஐ.எல்.எஸ்.சில் உங்களுக்கு நடப்பது எனக்குத் திரையில் பார்ப்பது போலத் தெரிகிறது. திரையில் லோகலைசரைக் காட்டும் டைமண்ட் குறி நடுவில் இல்லை என்றதும் அதை நடுவுக்குக் கொண்டுவர மூக்கைத் திருப்புகிறீர்கள். டைமண்ட் நடுவுக்கு வரும் வரை அந்தத் திசையிலேயே இருக்கிறீர்கள். வந்த உடனே தாண்டிவிடுகிறது. இப்படிச் செய்து பாருங்கள். ரன்வே திசை 270 என்றால் முதலில் 270 வைத்துப் பத்து விநாடி பாருங்கள். டைமண்ட் எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் நகர்கிறதா, 267 வையுங்கள். நகர்வது நின்றதா, அதுதான் காற்றுக்கான உங்கள் திசை. அதை வாயால் சொல்லுங்கள்: "267 பிடிக்கிறது." இனி எல்லாத் திருத்தமும் 267ஐச் சுற்றித்தான், முதலில் 5 டிகிரிக்குள், 1000 அடிக்குக் கீழே 2 டிகிரிக்குள். ரன்வேயை நெருங்க நெருங்கக் கற்றை குறுகிக்கொண்டே போகிறது, அதனால் அதே அளவு டைமண்ட் விலகல் அங்கே மிகச் சின்னத் தூரம். இரண்டு மைலில் 10 டிகிரி திருப்பினால் தாண்டாமல் வேறு என்ன செய்யும்?

இறங்கும் வேகத்துக்குத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. எதிர்காற்று 20 நாட் இருந்து தரைவேகம் 120 ஆனால் 600. இந்த எண்ணை கிளைட்ஸ்லோப் பிடிக்கும் முன்பே பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் கோளாறு வந்தால் ரடர் (பெடலை மிதித்துத் திருப்பும் வால் சுக்கான்), 12 அல்லது 13 டிகிரி பிட்ச், கியர் அப், 400 அடி வரை வேறு எதையும் தொடாதீர்கள். உங்கள் அனுபவத்துக்கு அதைப் பிசிறில்லாமல் செய்வீர்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவை விட்டுவிட்டு, இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்து, மறுபடி கொடுப்போம். இரண்டாவது தடவை முதலாவதை விட நன்றாக இருக்கிறதா என்பதுதான் எங்கள் தாளில் ஏறும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் அதுவே என் பதில். நான் தேடுவது, விலகியதை இவர் எப்போது கவனிக்கிறார், வாயால் சொல்கிறாரா, எவ்வளவு நிதானமாகத் திரும்புகிறார் என்பதை. 150 அடி போய், "150 மேலே, சரி செய்கிறேன்" என்று சொல்லி, அரை நிமிடத்தில் திரும்பி வந்தவரோடு நான் நாளைக்கே ராத்திரிப் பயணம் போவேன்.

ராப்பறவை:

நான் இந்த மாதிரித் தேர்வு முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது, இப்போ வலது சீட், அதாவது கோ-பைலட். இடதுசீட்டு அண்ணன் சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து எதுவும் இல்ல. அவர் தொடாத ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, வீட்டு யோக். அதுல ஸ்பிரிங் எப்பவும் நடுவுக்கு இழுக்கும், டிரிம் செஞ்சாலும் கையில வர்ற அழுத்தம் நிஜம் மாதிரி குறையாது. அதனால "டிரிம் பிடிபடலையே"ன்னு வீட்டுல உக்காந்து வருத்தப்படாதீங்க. வீட்டு சிம்மைக் கண்ணுக்கு மட்டும் வெச்சுக்கோங்க: நடுவுல ஆட்டிட்யூட் (மூக்கும் இறக்கையும் எந்தக் கோணத்துல இருக்குன்னு காட்டறது), அங்கிருந்து வேகம், திரும்ப ஆட்டிட்யூட், அங்கிருந்து உயரம், திரும்ப ஆட்டிட்யூட். பெரிய சிம்ல கால் வெச்சதும் முதல் ஐந்து நிமிஷம் உடம்பும் குழப்பும். டேக்-ஆஃப்ல வேகம் எடுக்கறதைக் காட்ட அந்த முழுப் பெட்டியும் மெதுவாப் பின்னால சாயும், அதைத்தான் முதுகு "வேகம்"னு நினைக்குது. உடம்பு சொல்றதை விட்டுட்டு ஆட்டிட்யூடை நம்புங்க.

ரெண்டு, உங்க ஜோடி. யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே ஃபோன் பண்ணுங்க. போட்டியாளரா நினைக்காதீங்க, ரெண்டு பேரும் தேறலாம், ரெண்டு பேரும் தோக்கலாம். நானும் என் ஜோடியும் முந்தின நாள் ரெண்டு நாற்காலியைப் பக்கத்துல போட்டு, சுவர்ல காக்பிட் படத்தை ஒட்டி, முழுத் தேர்வையும் வாயாலயே ஓட்டிப் பார்த்தோம். "பாசிட்டிவ் ரேட்", "கியர் அப்", "1000 பாக்கி" எல்லாம் சத்தமா. ஹோல்டிங்ல ஸ்டாப்வாட்ச் அவர் வேலை, வெக்டரிங்ல ஃப்ரீக்வென்சி அவர் வேலைன்னு பேசி வெச்சோம். நீங்க ஓட்டும்போது அவருக்கு வேலை கொடுங்க. நீங்க மானிட்டர் பண்ணும்போது வாயை மூடிட்டு இருக்காதீங்க. அந்த 45 நிமிஷத்துக்கும் மார்க் இருக்கு.

கீழ்வானம்:

இடதுசீட்டு அண்ணா, ராப்பறவை அக்கா, வால்காற்று சார், மூவருக்கும் நன்றி. அரை டிகிரிப் பயிற்சியை நான்கு நாளாகச் செய்கிறேன். நேற்று பத்து நிமிடம் 5000 அடியில் 60 அடிக்கு மேல் விலகவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு சந்தேகம் மட்டும். தப்பை வாயால் சொல்லச் சொல்கிறீர்கள். பரிசோதகர் கவனிக்காமல் இருந்திருந்தால், நானே காட்டிக் கொடுத்தது போல ஆகாதா? ஜோடிக்காரரும் இதையேதான் கேட்கிறார்.

இடதுசீட்டு:

அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார் அம்மா. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் உங்கள் உயரம், வேகம், டைமண்ட் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கேள்விக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். 23 வயதில் என் முதல் சிமுலேட்டர் தேர்வு. 4000 அடியில் நிற்கச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 2500 அடியில் ஏறிக்கொண்டிருந்தேன், 250 அடிக்கு முன்பே மூக்கை இறக்க ஆரம்பித்திருக்க வேண்டும், ஃப்ரீக்வென்சி மாற்றிக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன். 4280இல் பார்த்தேன். பார்த்ததும் பேசாமல், யாருக்கும் தெரியாத மாதிரி, மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. 4000க்கு வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த நிமிடம் முழுக்க என் மனம் உயரத்தில் இருந்தது, அடுத்து வந்த ஹோல்டிங் அனுமதியைப் பாதிதான் கேட்டேன், தவறான பக்கம் திரும்பினேன்.

பிறகு பரிசோதகர் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார்: 280 அடிக்காக உன்னை நிறுத்தவில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது நீ தனியாக அதைச் சரி செய்யப் பார்த்தாய். நிஜ விமானத்தில் அந்த உயரத்தில் எதிரே இன்னொருவர் வரலாம், அப்போதும் மறைப்பாயா? எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாய்ப்பு கிடைக்க 14 மாதம் ஆனது.

அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1972 டிசம்பரில் ஒரு ட்ரைஸ்டார் பயணிகள் விமானம் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து நொறுங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன் சக்கரத்தின் ஒரு சின்ன விளக்கு எரியவில்லை என்று காக்பிட்டில் எல்லோரும் அதிலேயே இருந்தார்கள். ஆட்டோபைலட்டின் உயரப் பிடிப்பு விட்டுப்போய் விமானம் மெல்ல இறங்கியதை யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. "உயரம்" என்று ஒருவர் நேரத்தோடு சத்தமாகச் சொல்லியிருந்தால் அதில் இருந்த எல்லோருமே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். காக்பிட்டில் வாயால் சொல்வது உங்கள் இருவரின் கண்ணையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிற வேலை. உங்கள் ஜோடிக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். நீங்கள் 150 அடி போனால் அவர் "உயரம்" என்று சொல்ல வேண்டும், நீங்கள் "சரி செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

கீழ்வானம்:

நேற்று முடிந்தது. முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். அடுத்து போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் ராப்பறவை அக்கா சொன்னதேதான், வயிறு ஒன்று சொன்னது, ஆட்டிட்யூட் வேறு சொன்னது. ஆட்டிட்யூடைப் பிடித்துக்கொண்டேன். இடப்பக்க ஸ்டீப் டர்ன் நன்றாக வந்தது. வலப்பக்கத்தில் வெளியே வரும்போது பிட்ச்சைத் திருப்பிக் கொடுக்க மறந்து 180 அடி ஏறிவிட்டேன். ஜோடிக்காரர் "உயரம்" என்றார், நான் "180 மேலே, சரி செய்கிறேன்" என்றேன், அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாக இறக்கிக் காத்திருந்தேன். ஹோல்டிங் பேரலல் என்ட்ரி. முதல் ஐ.எல்.எஸ்.சில் 264 பிடித்தது. கோ-அரவுண்டுக்குப் பிறகு காற்றை மாற்றிவிட்டார்கள், அதே ரன்வேக்கு 275 தேவைப்பட்டது. 264ஐ மனதில் வைத்துக்கொண்டு ஒரு மைல் தடுமாறினேன், பிறகுதான் பத்து விநாடி பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

எஞ்சின் கோளாறும் கொடுத்தார்கள், இரண்டு தடவை. முதல் தடவை எனக்கு ரடர் போதவில்லை. காரணம் பிரீஃபிங் தாளில் இல்லாத ஒன்று: பெடல். நான் உயரம் குறைவு. இருக்கையைச் சரி செய்தேன், பெடலை அப்படியே விட்டுவிட்டேன். முழுதாக மிதித்தால் முழங்கால் நேராகிவிட்டது, அதற்கு மேல் கால் போகவில்லை. பரிசோதகர் நிறுத்தி, பெடலை என் பக்கம் கொண்டுவரச் சொன்னார், இரண்டாவது தடவை பிடித்தது. 737இல் அதற்கு ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது, முன் பேனலுக்குக் கீழே, சுழற்ற வேண்டும். போகும் முன்பே அது எங்கே என்று படத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். உட்கார்ந்ததும் இரண்டு காலாலும் கடைசி வரை மிதித்துப் பாருங்கள்.